வாரத்துக்கு நான்கு மணி நேரம்: எந்தப் போர் விமான சிமுலேட்டரைத் தேர்ந்தெடுப்பது?

சென்ற மாதம் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் கல்லூரி நண்பன் அழைத்தான். "டேய், ஹார்னெட் வாங்கலாம்னு இருக்கேன். சேல் போட்டிருக்காங்க, பாதி விலை. வாங்கட்டுமா?" என்றான். ஹார்னெட் என்பது கணினியில் ஓடும் சிமுலேட்டருக்கெனத் தனியாக விற்கும் ஒரு போர் விமானம். விலையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. "வாரத்துக்கு எவ்வளவு நேரம் தேறும்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாலு மணி நேரம். அதுவும் மொத்தமா இல்லடா, பிச்சுப் பிச்சுத்தான்" என்றான். அவனுக்கு இரண்டு பிள்ளைகள். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிஃப்ட்.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். "எந்த சிமுலேட்டர் சிறந்தது" என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். குறைந்த நேரத்தை வைத்துக்கொண்டு எதில் உண்மையாகவே பறந்து மகிழ முடியும் என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் தேடியதில் எனக்குச் சில வருடங்கள் போயின.

கோவைக்குக் கிழக்கே இருக்கிறது என் வீடு. சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து தேஜஸ் கிளம்பும் சத்தம் சில காலைகளில் சமையலறை வரை கேட்கும். அந்தச் சத்தம் கேட்டால் கை தானாக ஜாய்ஸ்டிக்கைத் தேடும். ஆனால் ஆசை இருந்தால் நேரம் தானாக வந்துவிடாது. நேரத்தை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம்.

ஒரு சிமுலேட்டர் நம்மிடம் மூன்று வகையில் நேரத்தைக் கேட்கிறது. அப்டேட், ஜாய்ஸ்டிக் பட்டன்களை ஒதுக்குவது, கிராஃபிக்ஸைச் சரிசெய்வது என்று பறப்பதற்கு முன்னால் போகிற நேரம் ஒன்று. விமானத்தைக் கற்றுக்கொள்ளும் நேரம் இரண்டாவது. கற்றதை மறக்காமல் வைத்திருக்கத் தேவைப்படும் நேரம் மூன்றாவது. முதல் இரண்டைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். என்னைப் போன்றவர்களைக் கவிழ்த்தது மூன்றாவதுதான்.

நான் முதலில் வாங்கியது டிசிஎஸ் வேர்ல்ட் என்ற சிமுலேட்டரின் எஃப்/ஏ-18சி ஹார்னெட். நாலு மாதம் விடாமல் உட்கார்ந்து கற்றேன். அப்புறம் அலுவலகத்தில் ஒரு பெரிய வேலை, வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, ஏழு வாரம் கணினிப் பக்கமே போகவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. விமானத்தைத் திருப்புவது, வேகத்தைப் பிடித்து வைப்பது, இறக்குவது எல்லாம் கையில் அப்படியே இருந்தன. ரேடாரில் எந்த மோடுக்கு எந்தப் பட்டன், ஜிபிஎஸ் குண்டுக்கு இலக்கின் ஆயத்தொலைவை எந்தப் பக்கத்தில் கொடுப்பது என்பதெல்லாம் சுத்தமாகப் போய்விட்டன. கையில் படிந்தது தங்கியது, மனப்பாடம் செய்த வரிசை தங்கவில்லை. சைக்கிள் ஓட்டப் பழகியதை யாரும் மறப்பதில்லை, பழைய போன் நம்பர்தான் மறந்துபோகிறது.

அதற்குப் பிறகு எந்த சிமுலேட்டரைப் பார்த்தாலும் இதைத்தான் முதலில் கேட்கிறேன்: இதில் கைக்கு எவ்வளவு வேலை, மனப்பாடத்துக்கு எவ்வளவு வேலை?

நவீன ஜெட்: ஆசைக்குரியது, விலையும் அதிகம்

டிசிஎஸ் வேர்ல்ட் இலவசம். ஈகிள் டைனமிக்ஸ் என்ற நிறுவனம் வெளியிடுகிறது. அதனுடன் சு-25டி தாக்குதல் விமானமும், ஆயுதமில்லாத பழைய மஸ்டாங் ஒன்றும், காகஸஸ், மரியானாஸ் ஆகிய வரைபடங்களும் சும்மாவே கிடைக்கின்றன. மற்ற விமானங்களைத் தனித்தனி மாட்யூலாக வாங்க வேண்டும். ஹார்னெட், எஃப்-16, அப்பாச்சி போன்றவை சேல் இல்லாதபோது 80 டாலர் அளவுக்கு வரும்.

இந்த விமானங்களின் நுணுக்கத்தைச் சொல்லித் தீராது. காக்பிட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு சுவிட்சையும் மவுஸால் தட்டலாம். எஃப்-16ஐ எல்லாம் அணைந்த நிலையிலிருந்து உயிர்ப்பிக்க வேண்டுமென்றால், ஜெட் ஃப்யூயல் ஸ்டார்ட்டரைப் போட்டு, என்ஜின் சுழற்சி 20 சதவீதத்தைத் தொட்டதும் த்ராட்டிலை ஐடிலுக்குத் தள்ளி, வழிகாட்டும் கருவி தன்னைச் சரிசெய்துகொள்ளும்வரை காத்திருக்க வேண்டும். முழுமையாகச் சரிசெய்ய ஏறக்குறைய 8 நிமிடம். சேமித்து வைத்த திசையைப் பயன்படுத்தினால் ஒன்றரை நிமிடத்தில் முடியும். 45 நிமிடம் மட்டும் கையில் இருப்பவருக்கு இந்த 8 நிமிடமும் 1.5 நிமிடமும் ஒன்றல்ல.

ஆனால் விமானத்தைக் கிளப்புவது ஹார்னெட்டிலோ எஃப்-16இலோ பெரிய விஷயமே இல்லை. வரிசை ஒன்றுதான், பத்து முறை செய்தால் வந்துவிடும். வராவிட்டாலும் இடது விண்டோஸ் பட்டனையும் ஹோம் பட்டனையும் சேர்த்து அழுத்தினால் விமானம் தானே கிளம்பிவிடும். நேரத்தை விழுங்குவது ஆயுதங்கள்தான். எதிரியின் ரேடாரைத் தாக்கும் ஹார்ம் ஏவுகணை ஒன்றிலேயே மூன்று மோடுகள். லேசர் குண்டுக்கு ஒரு வழி, ஜிபிஎஸ் குண்டுக்கு வேறு வழி, மேவரிக் ஏவுகணைக்கு இன்னொரு வழி. இப்போது எந்தத் திரை நம் கட்டளையைக் கேட்கிறது என்பது புரியாதவரை எதை அழுத்தினாலும் தப்பாகவே நடக்கும். அது ஒன்றைப் புரிந்துகொண்டால் ஹார்னெட், எஃப்-16, ஏ-10சி மூன்றிலும் பாதி கதவு திறந்துவிடும்.

வாரத்தில் மூன்று நாளாவது அரை மணி நேரம் தொடர முடிகிறவர் தாராளமாக இதற்குள் போகலாம். இரண்டு வாரம் விடுபட்டால் கொஞ்சம் தேய்வீர்கள், ஒரு மாதம் விடுபட்டால் ஆயுதப் பாடத்தை மறுபடி படிக்க வேண்டும். என் நண்பனைப் போல மாதத்தில் பாதி நாள் தூக்கமே தலைகீழாக இருக்கிறவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. டிசிஎஸ்ஸின் எல்லா விமானங்களையும் ஒரே நிறுவனம் செய்வதில்லை. எஃப்-15ஈ ஸ்ட்ரைக் ஈகிளைச் செய்த வெளி நிறுவனத்துக்கும் ஈகிள் டைனமிக்ஸுக்கும் இருந்த பணத் தகராறு 2024 ஏப்ரலில் வெளியே வந்தது. அந்த விமானத்தின் வளர்ச்சி அத்துடன் நின்றது. வாங்குவதற்கு முன் மாட்யூலைச் செய்தவர் யார், இப்போதும் அதில் வேலை நடக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

பழைய ஜெட்டைப் பலரும் கண்டுகொள்வதில்லை

நுணுக்கம் என்றாலே கடினம் என்று நானும் நினைத்திருந்தேன். சிமுலேட்டரில் முழு நுணுக்கம் என்றால், அசல் விமானத்தில் இருப்பதெல்லாம் இதிலும் இருக்கும் என்பதுதான். அசல் விமானத்திலேயே கொஞ்சம்தான் இருந்தால் கற்க வேண்டியதும் கொஞ்சம்தான்.

1950கள், 60களின் ஜெட் விமானங்கள் அப்படிப்பட்டவை. எஃப்-86 சேபரின் காக்பிட்டில் திரையே கிடையாது. கடிகார முட்கள், சில சுவிட்சுகள், ஒரு துப்பாக்கிக் குறி. எஃப்-5ஈயில் எளிமையான ரேடார் ஒன்று, இரண்டு 20 மில்லிமீட்டர் பீரங்கிகள், இறக்கை நுனிகளில் சைட்விண்டர் ஏவுகணைகள். ஒரு சனிக்கிழமை காலையில் எல்லா சுவிட்சுகளையும் கண்டு முடித்துவிடலாம். அதற்குப் பிறகு வரும் மாதங்களெல்லாம் பறப்பதற்கே.

அந்தப் பறப்பில்தான் உண்மையான சிரமம் இருக்கிறது. குண்டு எங்கே விழும் என்று கணினி காட்டாது. எந்தக் கோணத்தில் பாய வேண்டும், எந்த வேகத்தில், எந்த உயரத்தில் பட்டனை அழுத்த வேண்டும் என்பதை நாமே பிடிக்க வேண்டும். பத்து முறை தவறிவிட்டு பதினோராவது முறை லாரி சிதறும்போது கிடைக்கும் நிறைவை ஹார்னெட்டின் ஜிபிஎஸ் குண்டு எனக்குத் தந்ததில்லை. பத்து முறை தவறியதில் கற்றது கையில் இருக்கிறது. ஒரு மாதம் கழித்து வந்தாலும் நாலைந்து பாய்ச்சலில் திரும்பி வந்துவிடும்.

நம் ஊர் வாசகர்களில் பலருக்கு மிக்-21 மேல் கண் இருக்கும். 1963இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற விமானம். அதன் பிஸ் ரகம் டிசிஎஸ்ஸில் 2014 முதல் இருக்கிறது. எனக்கும் அதன் மேல் தனிப் பிரியம் உண்டு. ஆனாலும் அதை முதல் விமானமாக எடுக்கச் சொல்ல மாட்டேன். இறங்கும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் வேகம், மூக்கு நிமிர்ந்து ஓடுதளத்தைக் கொஞ்சம் மறைக்கும், வேகம் குறைந்தால் திடீரென்று கீழே போகும். இரண்டாவது விமானமாக வைத்துக்கொண்டால் அதன் அருமை தெரியும். சேபரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகருக்கு மேலே இந்திய விமானப்படையின் நிர்மல் ஜித் சிங் செகோன் தன் நாட் விமானத்தில் தனியாக எதிர்கொண்டது பாகிஸ்தானின் சேபர்களைத்தான். எதிரியின் இருக்கையில் உட்கார்ந்து அந்த விமானத்தின் குணத்தை அறிந்தபோது, அவர் என்ன செய்தார் என்பது எனக்கு இன்னும் ஆழமாகப் புரிந்தது.

முதல் விமானமாக நான் சொல்வது ஏ-4ஈ ஸ்கைஹாக். இது டிசிஎஸ் கடையில் இருக்காது. ஆர்வலர்கள் சேர்ந்து செய்து இலவசமாகக் கொடுக்கும் மாட் இது. அசல் விமானம் 1954இல் முதலில் பறந்தது, வியட்நாம் போர் முழுக்க அமெரிக்கக் கடற்படையில் உழைத்தது. சின்னது, எளிமையானது, விமானம் தாங்கிக் கப்பலிலும் இறங்கும், வானில் எரிபொருளும் வாங்கும். ஒரு பைசா செலவில்லாமல் இவ்வளவும் கிடைக்கிறது. வாரம் நான்கு மணி நேரம் இருப்பவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஃபால்கன் பிஎம்எஸ்: முடியாத ஒரு போர்

எஃப்-16 சிமுலேட்டரான ஃபால்கன் 4.0 வெளிவந்தது 1998 டிசம்பரில். 2000இல் அதன் மூல நிரல் வெளியே கசிந்தது. அப்போதிருந்து ஆர்வலர் குழுக்கள் அதைச் செதுக்கிக்கொண்டே வருகின்றன. அந்த வரிசையில் இன்று நிற்பது பிஎம்எஸ். அசல் ஃபால்கன் 4.0 உங்களிடம் இருந்தால் போதும். அதற்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும், பிஎம்எஸ் இலவசம்.

இதை டிசிஎஸ்ஸுடன் ஒப்பிடும்போது பலரும் படத்தைத்தான் பார்க்கிறார்கள். படத்தில் டிசிஎஸ் முந்தும். ஆனால் நேரமில்லாதவருக்கு பிஎம்எஸ் தருவதை டிசிஎஸ் தரவில்லை. பிஎம்எஸ்ஸில் கொரியத் தீபகற்பத்தில் ஒரு முழுப் போர் நடக்கிறது. தரைப்படை நகர்கிறது, தொழிற்சாலை உடைந்தால் எதிரிக்குச் சப்ளை குறைகிறது. நீங்கள் பட்டியலில் ஒரு பயணத்தைத் தேர்ந்தெடுத்துக் கிளம்புகிறீர்கள். இன்று நீங்கள் உடைத்த பாலம் நாளைக்கும் உடைந்தே இருக்கும். சேமித்துவிட்டுப் போனால் போர் நீங்கள் திரும்பி வரும்வரை அப்படியே காத்திருக்கும்.

டிசிஎஸ்ஸில் ஒவ்வொரு முறையும் "இன்றைக்கு என்ன பறப்பது" என்று தேடியே இருபது நிமிடம் போன இரவுகள் எனக்கு உண்டு. அதிலும் இப்படி ஒரு போர் வரும் என்று பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆர்வலர்கள் செய்த லிபரேஷன் என்ற இலவசக் கருவி ஓரளவு அந்த இடத்தை நிரப்புகிறது, ஆனால் அதை அமைத்து வைப்பதே தனி வேலை.

பிஎம்எஸ் கற்கும் முறையும் நன்றாக அமைந்திருக்கிறது. பயிற்சிக் கையேடு ஒன்று, அதற்கு இணையாக ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பயிற்சிப் பயணம். ஒரு பாடத்தை அரை மணி நேரத்தில் முடிக்கலாம், அடுத்த நாள் அடுத்தது. பயணம் கிளம்பும்போது நிறுத்துமிடத்திலிருந்தா, ஓடுபாதையை நோக்கி நகரும் இடத்திலிருந்தா, நேராக ஓடுதளத்திலிருந்தா என்று கேட்கும். நேரமில்லாத நாளில் மூன்றாவதை எடுத்துக்கொள்ளலாம். பறக்கும்போது நேரத்தை வேகமாக ஓட்டவும் முடியும்.

இதில் சிக்கல் என்னவென்றால், போரில் ஒரு பயணம் கிளம்பி இறங்குவதற்கு ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகும். அதைத் துண்டாக்க முடியாது. அப்புறம் இங்கே முக்கியமானது எஃப்-16தான், அதன் மனப்பாடச் சுமையும் ஹார்னெட் அளவுக்கு உண்டு. வாரத்தில் ஒரு நாள், உதாரணமாக ஞாயிறு மாலை, யாரும் கூப்பிடாத இரண்டு மணி நேரம் உறுதியாகக் கிடைக்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு பிஎம்எஸ் எடுக்கலாம். துண்டு துண்டாக நாலு மணி நேரம் கிடைக்கிறவருக்கு அதே மொத்த நேரத்தில் பாதி பயணம்கூட முடியாது.

மற்றவை

ஐஎல்-2 கிரேட் பேட்டில்ஸ் இரண்டாம் உலகப் போருக்கானது. ஸ்டாலின்கிராட், குபான், நார்மண்டி என்று களங்கள். ஒரு பட்டனில் என்ஜின் கிளம்பும். சட்டென்று ஒரு சண்டையை அமைத்து 15 நிமிடத்தில் பறந்து முடிக்கலாம். கற்பது முழுக்கக் கையில்தான்: வேகத்தையும் உயரத்தையும் எப்படிச் சேமிப்பது, வளைந்து போகும் எதிரிக்கு எவ்வளவு முன்னால் குறி வைப்பது, எப்போது விலகுவது. பிஎஃப் 109இல் புரொப்பெல்லர் கோணத்தைக் கருவியே பார்த்துக்கொள்ளும், சோவியத் யாக் விமானத்தில் ரேடியேட்டரை நீங்களே திறந்து மூட வேண்டும். அந்த அளவுக்குப் போதுமான விவரம் இருக்கிறது. மூன்று மாதம் விட்டுவிட்டு வந்தாலும் இது உங்களைக் கோபித்துக்கொள்ளாது. வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு என்றால் என் பதில் ஐஎல்-2தான், மறுபேச்சில்லை. ஏவுகணையும் ரேடாரும் இல்லாமல் மனசு ஆறாது என்பவருக்கு மட்டும் இது சரிப்படாது.

ஃப்ளேமிங் கிளிஃப்ஸ் டிசிஎஸ்ஸுக்குள் வரும் எளிய தொகுப்பு. எஃப்-15சி, சு-27, மிக்-29 போன்றவை ஒரே விலையில். சுவிட்சுகளை மவுஸால் தட்ட முடியாது, எல்லாம் கீபோர்டில். நேரமில்லாதவர்களுக்கு எல்லோரும் இதைத்தான் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. தட்டக்கூடிய காக்பிட்டில் ஒரு சுவிட்ச் மறந்துபோனால் மவுஸை மேலே வைத்தால் பெயர் தெரியும். ஃப்ளேமிங் கிளிஃப்ஸில் கீ மறந்துபோனால் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பட்டியலைத்தான் தேட வேண்டும். எளிமை என்று நினைத்த இடத்தில் வேறு வகை மனப்பாடம் வந்து நிற்கிறது. ஆனால் ஒன்றில் கற்ற ரேடார் கீகள் மற்ற விமானங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஏவுகணைச் சண்டையின் நுட்பத்தை, அதாவது எப்போது சுடுவது, எப்போது திரும்பி ஓடுவது என்பதைக் கற்க இது நல்ல இடம்.

விடோல் விஆர் தலையில் மாட்டும் விஆர் கருவியோடு மட்டும் ஓடும். ஜாய்ஸ்டிக்கே வேண்டாம். விஆர் கைப்பிடிகளால் காக்பிட்டில் கையை நீட்டி சுவிட்சைத் தொடலாம், ஸ்டிக்கைப் பிடிக்கலாம். விமானங்கள் கற்பனையானவை, ஆனால் நவீன ஜெட்டின் வேலைமுறையைச் சில மணி நேரத்தில் கற்கும்படி அழகாகக் கோர்த்திருக்கிறார்கள். கையை நீட்டித் தொடுவதால் அதுவும் கைப்பழக்கமாகிவிடுகிறது, மறப்பது குறைவு. எனக்கிருந்த தடை இரண்டு. ஏப்ரல், மே மாதங்களில் அரை மணி நேரத்துக்கு மேல் அந்தக் கருவியை முகத்தில் வைத்திருக்க முடியவில்லை. அப்புறம் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டு உட்கார்ந்தால் வீட்டில் யாராவது கூப்பிடுவது கேட்காது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

வார் தண்டரில் சிமுலேட்டர் பிரிவு உண்டு, இலவசமும்கூட. ஆனால் நல்ல விமானத்தைத் திறப்பதற்கே பல மணி நேரம் விளையாட வேண்டும். நேரமில்லாதவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எப்போது, யாரோடு

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நேரத்தை எங்கே வைப்பது என்பது மிச்சமிருக்கிறது. இரவு எல்லோரும் தூங்கியபின், அதிகாலை, வாரக் கடைசி என்று மூன்றையும் முயன்று பார்த்தேன். இரவு பத்தரைக்குப் புதிய பாடம் எதுவும் என் தலையில் ஏறவில்லை. தெரிந்ததைப் பறக்க மட்டும் இரவு நல்லது. கற்பதற்கு அதிகாலை 5:15 முதல் 6 மணி வரை, வாரத்தில் இரண்டு நாள். ஞாயிறு மாலை ஒன்றரை மணி நேரம் முழுப் பயணம். இப்படிக் கூட்டினால் எனக்கு மூன்று மணி நேரம்தான் வருகிறது, அதுவே போதுமானதாக இருக்கிறது.

அதிகாலையில் உட்காரும்போது அன்று செய்யப்போவது ஒன்றே ஒன்று என்று முந்தைய நாளே முடிவு செய்துவிடுவேன். இன்றைக்கு இறங்குவது மட்டும் என்றால் கிளப்புவதே கிடையாது. கப்பலுக்குப் பின்னால் வானில் விமானம் தொடங்கும்படி மிஷனை ஒருமுறை செய்து வைத்துவிட்டேன். ஹார்னெட்டைக் கப்பலில் இறக்கும் முறையில் 800 அடியில் கப்பலைக் கடந்து, திரும்பி, 600 அடிக்கு இறங்கி, 8.1 டிகிரி தாக்குகோணத்தைப் பிடித்து, கடைசி 15 முதல் 18 வினாடி நேராக வர வேண்டும். ஒரு சுற்று நான்கு நிமிடம். 40 நிமிடத்தில் எட்டு ஒன்பது முறை இறங்கிப் பார்க்கலாம். கிளப்புவதிலிருந்து தொடங்கினால் இரண்டு முறைகூடத் தேறாது. விமானத்தைக் கிளப்புவதைத்தான் முதல் பாடமாக எல்லா வீடியோக்களும் வைக்கின்றன. நேரமில்லாதவர் அதைக் கடைசிப் பாடமாக வைத்துக்கொள்ளலாம், எதுவும் குறைந்துபோகாது.

வீடியோக்கள் பார்ப்பதைக் குறைத்ததும் எனக்கு உதவியது. அரை மணி நேர வீடியோவைப் பார்த்து முடித்ததும் கற்றுவிட்டதாகத் தோன்றும், காக்பிட்டில் உட்கார்ந்தால் கை நகராது. அதற்குப் பதில், காக்பிட் படத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒவ்வொரு சுவிட்சையும் கையால் தொடுவதுபோலச் செய்து பார்ப்பேன். அசல் விமானிகளும் நாற்காலியில் உட்கார்ந்து இப்படித்தான் பயிற்சி செய்கிறார்கள். பஸ்ஸில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கேயும் செய்யலாம். அந்த நேரம் என் நான்கு மணி நேரக் கணக்கில் வராது.

குழுவோடு பறப்பது தனியாகப் பறப்பதைவிடப் பல மடங்கு இனிமை. தெரிந்தவர் ஒருவர் பக்கத்து விமானத்தில் இருந்துகொண்டு சொல்லிக்கொடுத்தால் ஒரு மாதப் பாடம் ஒரு வாரத்தில் வரும். ஆனால் குழுக்கள் குறித்த நேரத்தில் கூடும். பிரிட்டனில் இரவு 8 மணி என்றால் நமக்குக் கோடையில் நள்ளிரவு 12:30, குளிர்காலத்தில் 1:30. மறுநாள் வேலைக்குப் போகிறவர் அதைத் தொடர முடியாது, நானும் இரண்டு மாதத்தில் விட்டேன். அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 8 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 5:30, குளிர்காலத்தில் 6:30. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இரவு 8 மணி நமக்குப் பிற்பகல் 2:30 அல்லது 3:30. சீக்கிரம் எழுகிறவருக்கு அமெரிக்கக் குழு, சனி ஞாயிறு மதியம் கிடைக்கிறவருக்கு ஆஸ்திரேலியக் குழு. குழுவின் தரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள்.

சாதனங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டிக்கைத் திருகினால் ரடர் (வால் சுக்கான்) வேலை செய்யும் லாஜிடெக் எக்ஸ்ட்ரீம் 3டி புரோ போன்ற ஒன்று முதல் வருடத்துக்குப் போதும். தலையைத் திருப்பினால் பார்வை திரும்பும் வசதியை ஓப்பன்ட்ராக் என்ற இலவச மென்பொருள் சாதாரண வெப்கேமராவை வைத்தே செய்துவிடும். சண்டையில் எதிரியைக் கண்ணால் தொடர இது விலை உயர்ந்த ஸ்டிக்கைவிட அதிகம் உதவும். பட்டன்களை ஒதுக்கிய கோப்பை இன்னோர் இடத்தில் நகலெடுத்து வையுங்கள், ஒருமுறை அழிந்துபோய் இரண்டு மாலைகள் எனக்கு வீணாயின. அப்டேட்டைச் சனிக்கிழமை இரவு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விடுவது நல்லது, ஞாயிறு மாலை உட்காரும்போது தயாராக இருக்கும்.

நண்பனுக்கு அன்று இரவு நான் சொன்னது இவ்வளவுதான். ஹார்னெட்டை இப்போது வாங்காதே. டிசிஎஸ்ஸின் சொந்தக் கடையில் பெரும்பாலான மாட்யூல்களை 14 நாள் இலவசமாகப் பறந்து பார்க்கலாம், ஸ்டீமில் அந்த வசதி இல்லை. இரவு ஷிஃப்ட் இல்லாத இரண்டு வாரம் வரும்போது ஹார்னெட்டை அப்படிப் பார்த்துக்கொள். அதுவரை ஏ-4ஐ டவுன்லோட் செய்து வைத்து, குண்டுபோட மட்டும் ஒரு மிஷன், இறங்க மட்டும் ஒரு மிஷன் செய்து, கிடைக்கிற அரை மணி நேரங்களில் பற. பிள்ளைகள் வளர்ந்து ஞாயிறு மாலை உன் கைக்கு வரும்போது பிஎம்எஸ் இருக்கிறது, அந்தப் போர் எங்கேயும் போய்விடாது.

போன ஞாயிறு காலை அவன் மறுபடி அழைத்தான். மூன்று வாரம் இரவு ஷிஃப்ட், பறக்கவே இல்லையாம். அன்று காலை உட்கார்ந்ததும் நாலாவது பாய்ச்சலிலேயே லாரி வரிசையின் நடுவில் குண்டு விழுந்ததாம். "ஒண்ணுமே மறக்கலடா" என்றான்.